மூன்று தண்ணீர் கண்ட உப்பு

ஈச்சங்காட்டில் நாற்பத்திரண்டு வீடுகள். அதில் பெருமாயி வீட்டு உப்புக்குத் தனி மரியாதை. லாரியில் மலையேறி, வெள்ளிமலையில் இறங்கி, மாயவன் கடைச் சாக்குக்கு வந்து சேரும் கல்லுப்பை மற்றவர்கள் அப்படியே சாடியில் கொட்டினார்கள். கொஞ்சம் நாகரிகம் தெரிந்தவர்கள் ஒரு தண்ணீர் விட்டு அலசினார்கள். பெருமாயி வீட்டில் மூன்று தண்ணீர். முதல் தண்ணீர் மண்ணுக்கு. இரண்டாவது சாக்குத் தூசிக்கு. மூன்றாவது எதற்கென்று பெருமாயிக்கே தெரியாது. ஆனால் அதுதான் முக்கியம் என்பாள். மூங்கில் கூடையில் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, வெள்ளை வேட்டித் துணியில் பரப்பிக் காயவைத்து, அப்புறம்தான் சாடி. கால்வாசி உப்பு கரைந்து வாழை மரத்தடிக்கு ஓடிவிடும். ஓடட்டுமே. சுத்தம் என்றால் சும்மா வருமா?

ஒன்பது வருடத்துக்கு முன்பு சாலம்மாள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். மூன்றாம் நாளே உப்பில் மாட்டிக்கொண்டாள். கடையிலிருந்து வந்த உப்பை நேராகச் சாடியில் கொட்டப் போனாள்.

"இன்னாடி பண்ற? ஒங்கூட்ல உப்பு கழுவ மாட்டாங்களா?"

"இல்லீங்க அத்த. அப்டியேதான் போடுவாங்க."

பெருமாயி இதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பெண் பத்தாவது படித்தவள், வேலை செய்வாள், அதெல்லாம் சரிதான். ஆனால் உப்பைக் கழுவாத வீட்டுப் பெண். அந்தப் பெயரைத் துடைக்க சாலம்மாள் ஒன்பது வருடமாக உப்பைக் கழுவினாள். மூன்று தண்ணீர் காணாத ஒரு கல் உப்புகூட அவள் கையால் குழம்பில் விழுந்ததில்லை.

கடைசி இரண்டு வருடமாக அவள் உடம்பு ஏறிக்கொண்டே போனது. ஜாக்கெட்டை மூன்று முறை பிரித்துத் தைத்தாயிற்று. நாலாம் முறை பிரிப்பதற்குத் துணி இல்லை. சாப்பாடோ குறைந்துகொண்டே வந்தது. முன்பு மூன்று உருண்டைக் களி சாப்பிட்டவளுக்கு இப்போது ஒன்றே தொண்டையில் நின்றது. வெயிலில் நின்றாலும் குளிரெடுத்தது. முடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வந்தது. குரல் கரகரத்து, போனில் பேசினால் எதிரில் இருப்பவர்கள் "அண்ணே" என்றார்கள். கழுத்தின் அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு எழுந்த ஒன்று, மெல்ல எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது. விடிந்து எழுந்தால் மறுபடி படுக்கத் தோன்றியது. தோன்றுமே தவிர அவள் படுத்ததில்லை. படுத்தால் யார் தண்ணீர் தூக்குவது?

இத்தனை அடையாளங்களையும் வைத்து ஊர் ஒரே முடிவுக்கு வந்தது. திருட்டுத் தீனி.

பெருமாயி சோற்றுப் பானையில் விரலால் அளவு வைத்துவிட்டு மேட்டுக் கொல்லி நிலத்துக்குப் போவாள். திரும்பி வந்து அளந்தால் அளவு அப்படியே இருக்கும். இதில் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை; மருமகளின் சாமர்த்தியத்தின் மேல் மதிப்புதான் கூடியது.

"எப்ப துன்றா, எங்க வச்சி துன்றா, ஒண்ணும் புரியல போ. காத்த குடிச்சே ஊதறா போல" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாலம்மாளின் கணவன் கரியன் நல்லவன். அம்மா பேசும்போது கூரையைப் பார்ப்பான். பெண்டாட்டி பேசும்போது தரையைப் பார்ப்பான். நடுவில் இருக்கும் எதையும் அவன் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சாமை அறுப்பில் சாலம்மாள் பாதி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. பெருமாயி அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

"டேய் கரியா, பொங்கலு முடியட்டும். இவள பொறந்த வூட்டுக்கு அனுப்பு. ஒடம்ப எறக்கினு, சோம்பல வுட்டுட்டு வரட்டும். குஞ்சு இங்கியே இருக்கட்டும், அது பள்ளிக்கூடம் போவுது."

குஞ்சு என்பது அவர்கள் மகள் குஞ்சம்மாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பெருமாயியின் மாமியார் பெயரை வைத்திருந்தார்கள்; முழுப் பெயரைச் சொன்னால் திரும்ப மாட்டாள்.

பிறந்த வீட்டில் சாலம்மாளுக்கு இருந்தது அண்ணன், அண்ணி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், ஒரே அறை. உடம்பை இறக்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பப்பட்ட பெண்களை யாரும் திரும்பக் கூப்பிட வருவதில்லை என்பதற்கு ஈச்சங்காட்டிலேயே இரண்டு உதாரணங்கள் இருந்தன. அதில் ஒருத்தியின் பிள்ளை இப்போது வேறொருத்தியை அம்மா என்கிறது. அன்று சாயங்காலம் தலைவாரும்போது சாலம்மாள் குஞ்சுவின் சடையை இரண்டு முறை பின்னி, இரண்டு முறை அவிழ்த்தாள்.

"இன்னாம்மா, வலிக்குது."

"ஒண்ணுமில்ல. கோணிப்போச்சி."

கரியன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு வீரச் செயல் செய்தான். அம்மாவிடம் உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சாலம்மாளைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், எடை குறைக்கும் நிலையம் இருப்பதாக வெள்ளிமலையில் நோட்டீஸ் பார்த்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நோய் என்றால்தானே ஆஸ்பத்திரி? இது குண்டு.

நிலையத்தை நடத்தும் வீரமுத்து டை கட்டியிருந்தான். முன்பு கொய்யாப்பழ மொத்த வியாபாரம் செய்தவன் என்பதை அவனே பெருமையாகச் சொன்னான். சாலம்மாளை ஒரு மெஷினில் ஏற்றி, இரண்டு கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, வந்த எண்களை உரக்கப் படித்தான்.

"எடை அறுவத்து நாலு. பன்னெண்டு கிலோ ஜாஸ்தி. ஒங்க ஒடம்போட வயசு அம்பத்தாறு."

"இவளுக்கு இருவத்தொம்போதுதாங்க ஆவுது" என்றான் கரியன்.

"அது வெளி வயசு. நான் சொல்றது உள் வயசு."

கரியன் பயந்துபோனான். தன்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவளோடு குடும்பம் நடத்துவதாக அதுவரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"காலையில சாப்பாட்டுக்குப் பதிலா இந்தப் பொடி. ராத்திரியும் இதே. தெனமும் அர மணி நேரம் வாக்கிங் போவணும்" என்றான் வீரமுத்து.

"தண்ணிக் கொழா எங்க வூட்டுக்குக் கீழ இருக்குதுங்க. காலையில அஞ்சு நடை, சாயங்காலம் அஞ்சு நடை. அப்பறம் கொல்லிக்கி ஏறி எறங்கணும்" என்றாள் சாலம்மாள்.

"அது வேலைம்மா. வாக்கிங்னா வேற. ரெண்டு கையையும் வீசி நடக்கணும்."

"கொடத்த இன்னா பண்றதுங்க?"

வீரமுத்து டையை இறுக்கிக்கொண்டு பொடி டப்பாவை எடுத்தான். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். இது என்னவென்று கேட்டாள்.

"கொழுப்புதான். எட எறங்குனா தானா கரைஞ்சிடும்."

விலைபோன ஒரு வெள்ளாட்டுக் குட்டி பொடியாகி டப்பாவில் மலையேறியது. இருபத்தைந்து நாள் சாலம்மாள் அதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். வெனிலா வாசனை அடித்த அந்தத் தண்ணீரில் தெம்பு மட்டும் இல்லை. வெள்ளிமலை ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்தபோது அறுபத்தைந்து. பெருமாயிக்கு டப்பா விஷயம் தெரியவந்ததும் அவள் நியாயமாகவே கேட்டாள்: "குண்டாவறதுக்கு மாவு வேற வாங்கி குடிக்கிறாளா?"

கார்த்திகையில் கிராம சுகாதார நர்சு அம்சவள்ளி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் உப்பு மடித்துக் கொண்டுவர வேண்டும். அம்மாக்களும் வந்தால் நல்லது என்றாள். உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம்.

பெருமாயிக்கு உற்சாகம் தாங்கவில்லை. முப்பது வருட உழைப்புக்கு இப்போதுதான் சர்க்கார் ஆள் அனுப்பியிருக்கிறது. சாடியின் நடுவிலிருந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, வெள்ளைத் தாளில் மடித்துத் தானே குஞ்சுவின் பையில் வைத்தாள்.

"நம்பூட்டு உப்ப பாத்து நர்சம்மா அசந்துபோவா பாரு."

அசந்துதான் போனாள்.

அம்சவள்ளி ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, சின்னப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். ஒரு பையனின் உப்பு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அடுத்தது ஊதா. அடுத்தது வெளிர் ஊதா. குஞ்சுவின் உப்பில் விட்ட சொட்டு அப்படியே ஈரமாய் நின்றது. இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். உப்பு வெள்ளையாகவே இருந்தது. பள்ளிக்கூடத்திலேயே வெள்ளையான உப்பு அதுதான். அந்த மட்டில் பெருமாயி சொன்னது சரி.

"இதுல அயோடின் இல்ல" என்றாள் அம்சவள்ளி.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்களுக்கு விளக்கமும் சொன்னாள். கழுத்தில் குரல்வளைக்கு முன்னால் தைராய்டு என்று ஒரு சுரப்பி. உடம்பு எவ்வளவு சூடாக, எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. அதற்கு அயோடின் வேண்டும்; கடுகத்தனைகூட இல்லை, அதிலும் துளி. அந்தத் துளி வருடக்கணக்கில் கிடைக்காவிட்டால் சுரப்பி கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளப் பெரிதாக வீங்கும். அதற்கும் முடியாமல் போனால் உடம்பு மந்தமாகும். குளிரும், முடி கொட்டும், குரல் மாறும், கொஞ்சம் சாப்பிட்டாலும் எடை ஏறும். வயிற்றுப்பிள்ளைக்கும் வளரும் பிள்ளைக்கும் அதன் பாதிப்பு மூளைவரை போகும்.

சாலம்மாள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். யாரோ தன் இரண்டு வருடத்தை எழுதிவைத்துப் படிப்பதுபோல் இருந்தது. அதில் திருட்டுத் தீனி என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

குஞ்சு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "ஆயா, எல்லாரு உப்பும் ஊதா ஆச்சி. நம்பூட்டுது மட்டும் பெயிலு."

பெருமாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாயவன் கடைக்குப் போனாள்.

"ஏன்டா மாயவா, முப்பது வருசமா ஒங்கடையிலதான் உப்பு வாங்கறேன். எனக்கு மட்டும் சத்து இல்லாத உப்ப குடுக்கிறியா?"

"பெரிம்மா, ஊருக்கே ஒரே சாக்குதான். ஒனக்குன்னு தனியா சாக்கா போட்டு வச்சிக்கினு இருக்கறேன்?"

"அப்ப என் உப்பு ஏன்டா வெள்ளையா நிக்குது?"

"அத ஒன் உப்ப கேளு."

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வெள்ளிமலை பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த அம்சவள்ளியை நிறுத்திக் கூட்டிவந்தார்கள். மாயவன் சாக்கிலிருந்து ஒரு கை உப்பை எடுத்து நீட்டினான். சொட்டு விழுந்ததும் உப்பு நன்றாகப் பழுத்த நாவல்பழம்போல் ஆயிற்று. கடைக்காரனின் நாணயம் ஊர்முன் நிரூபணமானது. மாயவன் மிச்சமிருந்த பாட்டிலைக் கேட்டு வாங்கிக் கல்லாப் பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அடுத்த இரண்டு நாள் வெல்லம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் உப்பை ஊதாவாக்கிக் காட்டினான்.

ஊரில் காரணங்கள் கிளம்பின. பெருமாயி வீட்டுச் சாடி பழசு, சத்தை அது குடித்துவிடுகிறது என்றார்கள் சிலர். வீட்டுவாசல் வடக்குப் பார்த்திருப்பதால் என்றார்கள் சிலர். கண்ணேறு என்று பெருமாயி முடிவு செய்தாள். இவ்வளவு வெள்ளையான உப்பை ஊர் சும்மா விடுமா?

சாலம்மாளுக்கு மூளை மந்தம் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த மந்த மூளை குடம் தூக்கி ஏறும்போது மெல்ல மெல்ல ஓடியது. கடையில் ஊதா. சாடியில் வெள்ளை. கடைக்கும் சாடிக்கும் நடுவில் உப்புக்கு நடப்பது ஒன்றே ஒன்று. அதைச் செய்வது தன் கை.

மூன்றாம் நாள் பெருமாயி கொல்லிக்குப் போனதும் மாயவன் கடைக்குப் போனாள்.

"அண்ணா, அந்த பாட்ல ரெண்டு நாளைக்கி குடுங்க."

"எதுக்கும்மா? ஒம் மாமியா மறுபடியும் சண்டைக்கு வராளா?"

"இல்லண்ணா. வராம இருக்கத்தான்."

ஒரு தேக்கு இலையைக் கழுவி விரித்தாள். கழுவாத உப்பு ஒரு குவியல். ஒரு தண்ணீர் கண்டது ஒன்று. இரண்டு தண்ணீர் கண்டது ஒன்று. மூன்று தண்ணீர் கண்டது ஒன்று. எல்லாவற்றையும் வெயிலில் காயவிட்டாள். உச்சிப்பொழுதில் சொட்டு விட்டாள். முதல் குவியல் கருத்த ஊதா. இரண்டாவது அவரைப்பூ. மூன்றாவதில், சலவை வேட்டியில் நீலம் தெரியுமே, அந்த அளவுக்கு ஒரு சாயல். நாலாவது வெள்ளை. ஒருமுறை பார்த்ததை நம்பாமல் அடுத்த நாள் மறுபடி செய்தாள். சோம்பேறி என்று பேர் வாங்கியவள், இரண்டு நாளும் மற்ற வேலைகளை முடித்துவிட்டுத்தான் இதைச் செய்தாள்.

பிறகு இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடம். எவ்வளவு பாடுபட்டு, எவ்வளவு தண்ணீர் சுமந்து, தன் கழுத்துக்கு வேண்டியதை வாழை மரத்துக்கு ஊற்றியிருக்கிறாள். வாழை நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த குஞ்சுவைப் பிடித்து நிறுத்தி, தாடையைத் தூக்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னொரு முறை தடவினாள்.

உப்பு பெயிலான வீட்டைப் பார்ப்பதற்காக அடுத்த வாரம் அம்சவள்ளி வந்தாள். வாசலில் பெருமாயி, கரியன், குஞ்சு, இரண்டு பக்கத்து வீட்டார். சாலம்மாள் புதிதாக நாலு குவியல் வைத்த தேக்கு இலையை உள்ளேயிருந்து எடுத்துவந்து நர்சுக்கு முன்னால் வைத்தாள். மாயவனிடம் மறுபடி வாங்கிவந்த பாட்டிலைத் திறந்தாள். பேசுவதற்குமுன் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்.

"நாங்க உப்ப மூணு தண்ணி கழுவுவோங்க. கழுவக் கழுவ நெறம் போவுது. பாருங்க."

சொட்டு விட்டாள். நாலு குவியலும் வரிசையாகச் சாட்சி சொல்லின.

அம்சவள்ளி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அயோடின உப்பு மேலதாம்மா தெளிச்சி வுடறாங்க. கழுவுனா மொதல்ல அதுதான் போவும். யாரு சொன்னாங்க ஒனக்கு?"

"யாரும் சொல்லலீங்க."

"எனக்கே தோணலயே, இப்பிடி வச்சி பாக்கணும்னு."

பெருமாயி எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. "அப்ப என் கைதான் வெசமா? முப்பது வருசமா இந்த உப்பதான் துன்னுகினு இருக்கறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி? என் கழுத்து வீங்கிச்சா?"

அம்சவள்ளி முதல்முறையாக அவள் கழுத்தை நன்றாகப் பார்த்தாள். பெருமாயி எப்போதும் மூன்று வடம் பாசிமணி போட்டிருப்பாள். அதன்கீழே கழுத்து, குரல்வளை தெரியாமல், மடிப்பு மடிப்பாகத் திரண்டு இருக்கும். லட்சணமான கழுத்து என்று பெருமாயியைப் பெண்பார்க்க வந்தபோதே சொன்னார்களாம். அப்புறம் வருடா வருடம் லட்சணம் கூடிக்கொண்டே வந்தது. பாசிமணியை இரண்டு முறை நீளமாகக் கோத்தாள்.

"கொஞ்சம் மணிய தூக்கிக்கினு, தண்ணி குடிங்க பெருமாயிம்மா."

"எதுக்கு?"

"சும்மா குடிங்க. நீங்க கழுவுற தண்ணிதான்."

குடித்தாள். பாசிமணிக்கு அடியிலிருந்து கோழிமுட்டை அளவில் ஒன்று மேலே ஏறி, கீழே இறங்கியது.

"ஐ! ஆயா கழுத்துல இன்னாமோ ஏறி எறங்குது!" என்று குஞ்சு கத்தினாள். "ஆயா, இன்னொருவாட்டி குடி!"

கரியன் கூரையைப் பார்த்தான். அது போதாமல் தரையையும் பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் அம்மாவின் கழுத்தைப் பார்த்தான்.

"அது எங்க வம்சம்" என்றாள் பெருமாயி. குரலில் பழைய கனம் இல்லை. "எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான்."

"ஒங்கம்மா உப்ப எத்தினி தண்ணி கழுவுவாங்க?"

பெருமாயி பாசிமணியை இழுத்துக் கழுத்தை மூடினாள். "அந்தக் காலத்து உப்பு வேற" என்றாள்.

குஞ்சுவின் கழுத்தையும் அம்சவள்ளி தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றாள். அதற்கப்புறம்தான் சாலம்மாளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த திங்கட்கிழமை மாமியாரும் மருமகளும் முதல் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். பெருமாயிக்குக் கட்டி பெரிது, ஆனால் சுரப்பி இன்னும் வேலை செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். சாலம்மாளுக்குச் சுரப்பு ரொம்பக் குறைவு. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.

டாக்டரம்மா நேராகப் பேசுகிறவள். "மாத்திரை எடைய உருக்காது. சுரப்பி விட்ட வேலையச் செய்யும். ஏறின பன்னெண்டுல நாலு, அஞ்சு கிலோ எறங்கலாம். மிச்சத்த மெதுவாதான் பாக்கணும். அயோடின் வேணும்னு உப்ப அள்ளிப் போடாதீங்க, ரத்தக் கொதிப்பு வந்துடும். போடுற உப்பையே போடுங்க. கழுவாமப் போடுங்க."

பெருமாயிக்குக் கடைசி வார்த்தை காதில் விழவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத கழுவித்தானே முழுங்கணும்?"

"அத்த" என்றாள் சாலம்மாள்.

மார்கழிக் கடைசியில் இரண்டாவது மாத மாத்திரைக்குப் போனபோது சாலம்மாளின் எடை அறுபத்து மூன்று. ஒரு மாதத்தில் இரண்டு கிலோ. முகத்தின் வீக்கம் வடிந்திருந்தது. முக்கியமாக, ஏறும் வழியில் குடத்தை இறக்கிவைக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வீரமுத்து அவளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"பாத்தீங்களா, நம்ம பொடி எப்பிடி வேல செஞ்சிருக்குது! ஒரு போட்டோ குடுங்க, போர்டுல போட்டுக்கறேன். அப்பறம், புதுசா கடல்பாசி அயோடின் சொட்டு வந்திருக்குது. நூறு மடங்கு சத்து. குடிச்சா எடை பறக்கும்."

"டாக்டரம்மா துளிதான் வேணும்னாங்க. நூறு மடங்கு குடிச்சா சுரப்பி மறுபடியும் கெட்டுப்போவாதா?"

"அது டாக்டர் கணக்குங்க."

"போட்டோவுல எந்த வயசு போடுவீங்க? வெளி வயசா, உள் வயசா?"

வீரமுத்து வேறு பஸ்ஸைப் பார்த்துப் போனான்.

பொங்கல் வந்தது, போனது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை சாலம்மாள் மாத்திரை போட்டுக்கொண்டு, ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து, இரண்டு புடவையை மடித்து வைத்தாள். வாசலில் பாசிமணியைச் சரிசெய்துகொண்டிருந்த பெருமாயி பார்த்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"பொங்கலு முடிஞ்சிடுச்சே அத்த. பொறந்த வூட்டுக்கு அனுப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க? கழுத்து வீங்குனவங்க, ஒடம்பு ஏறுனவங்க எல்லாம் போவணும் இல்ல?"

பெருமாயி மணியை விட்டுவிட்டாள்.

"நீங்களும் கெளம்புங்க. துணைக்கி ஒங்க பொறந்த வூடு வரைக்கும் வந்து வுட்டுட்டுப் போறேன். நாலு வூடுதானே தள்ளி?"

உள்ளே கரியன் சிரித்துவிட்டான். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. பெருமாயி திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

குஞ்சு பையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா போற?"

சாலம்மாள் பையை விடவில்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள். சொல்ல வேண்டியவள்தான் சொல்ல வேண்டும்.

பெருமாயி எழுந்து உள்ளே போனாள். கழுவின பழைய உப்புச் சாடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி வாசலுக்கு வந்தாள்.

"உப்பு தீந்துபோச்சி" என்றாள். "மாயவங்கடையில ரெண்டு கிலோ வாங்கினு வா. அந்தப் பையிலிருந்து புடவைய எடுத்து வச்சிட்டு, அதையே எடுத்துக்கினு போ."

சாலம்மாள் புடவைகளைப் பெட்டியில் வைத்தாள். பையை உதறிக்கொண்டு கடைக்குப் போனாள். குஞ்சுவும் கூடவே ஓடினாள். திரும்பி வந்ததும் சாடியைத் துடைத்து, மூங்கில் கூடையைத் தாண்டிப் போய், உப்பை நேராகச் சாடியில் கொட்டினாள். கொட்டும் சத்தம் கேட்டு முடியும்வரை பெருமாயி வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மத்தியானம் கொள்ளுக் குழம்பு. பெருமாயி ஒரு வாய் வைத்துவிட்டு, "மண்ணு கடிக்குது" என்றாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னங் கொஞ்சம் ஊத்து."